திட்டுவதற்கு ஆளில்லாமல் போன குவின்தாவ்

என் அண்ணன் குவின்தாவ் பிரஸ்ஸெல்ஸைப் பார்த்ததில்லை. ஆனால் பிரஸ்ஸெல்ஸ் தன்னை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. ரோமம் கத்தரிக்கிற நாளில் மழை வந்தால் பிரஸ்ஸெல்ஸ். ஆட்டின் காதில் குத்திய வில்லை கழன்று விழுந்தால் பிரஸ்ஸெல்ஸ். ஒருமுறை பல் வலிக்காகப் போய், வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு என் கடையில் உட்கார்ந்து, "எல்லாம் அவனுங்க வேலைதான்" என்றான்.

நான் அவன் தங்கை மென்னா. ஆட்டுச் சந்தையில் தேநீர்க்கடை வைத்திருக்கிறேன். கணவர் போன பிறகு, டவுன் வீட்டை விட்டுவிட்டு அண்ணனின் பிளேன்கூம் பண்ணையிலேயே ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருத்தி அவனைக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். "யோசிச்சு அடுத்த சந்தைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். அவள் அடுத்த சந்தைவரை காத்திருக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் இவனுக்கு வாயடைத்துப் போகும். என்ன வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள், கடையைச் சாத்தினாலும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பான்.

எங்கள் வேல்ஸுக்குக் கார்டிஃபில் சொந்தமாக ஓர் அரசு உண்டு. பிரஸ்ஸெல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தில் நாங்கள் இருந்த காலத்தில் அந்த அரசின் அதிகாரிகள்தான் நாடாவும் கையுமாக வயலை அளக்க வருவார்கள். வேலி ஓரத்துப் புதரைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, மானியத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். அண்ணன் கத்துவான். அதிகாரி தோளைக் குலுக்கி, "நான் என்னங்க பண்றது? பிரஸ்ஸெல்ஸ் சொல்லுது" என்பார். உடனே அண்ணனுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிடும். பாவம், இவரும் நம்மைப்போல மாட்டிக்கொண்டவர் என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆட்டுக்கறியும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்கும் போட்ட சூப் கொடுப்பான். இருவருமாகப் பிரஸ்ஸெல்ஸைத் திட்டுவார்கள். அதிகாரி கிளம்பும்போது கை குலுக்கிக்கொள்வார்கள். அப்படி ஒரு சௌகரியம் அந்தக் காலத்தில் இருந்தது என்பது அது போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஒன்றியத்தை விட்டு வெளியேறலாமா வேண்டாமா என்று ஓட்டு வந்தபோது, அண்ணன் சர்ச்சுக்குப் போடுகிற சூட்டைப் போட்டுக்கொண்டு போனான். வெளியேறுவது என்று முடிவானதும் என் கடைக்கு வந்து எல்லோருக்கும் தன் செலவில் தேநீர் வாங்கிக் கொடுத்தான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"இனிமே நம்ம மலையப் பத்தி நம்ம ஆளுங்கதான் முடிவு பண்ணுவாங்க, மென்னா. நம்ம பாஷை பேசறவங்க. ஆடுன்னா என்னன்னு தெரிஞ்சவங்க!"

"அவங்க முடிவு உனக்குப் புடிக்கலன்னா, அண்ணே?"

"அது எப்படிப் புடிக்காம போகும்?" என்றான்.

சில வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் பழக்கதோஷத்தில் பிரஸ்ஸெல்ஸையே திட்டிக்கொண்டிருந்தான். பிறகு கார்டிஃபிலிருந்து புதிய திட்டம் வந்தது. மானியம் வேண்டுமா, பண்ணை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மரமாக இருக்க வேண்டும். அண்ணன் மேசையைத் தட்டினான். "இந்தப் பிரஸ்ஸெல்ஸ்காரனுங்களுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"இது அவங்க இல்லண்ணே. கார்டிஃப்."

தட்டின கை அப்படியே நின்றது. ரொட்டிக்கடையில் சில்லறை கிடைக்காதவன் மாதிரி ஒரு முகம். வயல் அளக்கிற பழைய அதிகாரி அந்த வாரம் வந்தபோது, அவரும் வழக்கம்போலத் தோளைக் குலுக்கி, "நான் என்னங்க பண்றது? மேலிடத்து உத்தரவு" என்றார்.

"எந்த மேலிடம்?" என்று கேட்டான் அண்ணன்.

அதிகாரி தன் சட்டையில் குத்தியிருந்த கார்டிஃப் அரசின் வில்லையையே ஒரு கணம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "லண்டன்லேருந்து வர்ற மொத்தப் பணமே இவ்வளவுதானாம். அதுக்குள்ளதான் எல்லாம் செய்யணுமாம்" என்றார். பார்த்தீர்களா, கார்டிஃப்காரர்களுக்காவது திட்ட ஓர் ஊர் கிடைத்துவிட்டது. எங்களுக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. அன்று அவருக்கு சூப் கிடைக்கவில்லை.

மரம் நடுவதற்கு வரைபடத்தில் பச்சை அடித்திருந்த இடம் எங்கள் மேட்டுச் சரிவு. கீழே பக்கத்து வயலை ஒட்டிய எல்லையைத் தவிர அந்தச் சரிவில் வேலி கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. எங்கள் ஆடுகள் அதை விட்டுப் போகாது. தாய் ஆடு குட்டிக்குக் காட்டிக் கொடுத்து, அந்தக் குட்டி தன் குட்டிக்குக் காட்டிக் கொடுத்து வருகிற இடம். இதற்குக் கனெவின் என்று பெயர். மரக்கன்றுகளைக் காக்க ஒருமுறை வேலி போட்டு மந்தையை வெளியே தள்ளிவிட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் மறந்துவிடும். பிறகு பணம் கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. கனெவின் போன மலைப்பண்ணையை ஆட்டோடு சேர்த்து விற்றுவிட்டு டவுனில் போய் உட்கார வேண்டியதுதான்.

இதில் இன்னொரு குத்தல். அந்த வரைபடத்தோடு எங்கள் பகுதிக்கு வந்த புதிய அதிகாரி மாரெட். பக்கத்துப் பண்ணை எலிஸ்தனின் மகள்.

அண்ணனும் எலிஸ்தனும் பேசிக்கொண்டு பல வருடம் ஆகிறது. எலிஸ்தனின் கொழுத்த டெக்ஸல் ஜாதிக் கிடா ஒரு நாள் எல்லை வேலியைத் தாண்டி, அண்ணனின் சுத்தமான மலை ஆடுகளுக்கு நடுவே ஒரு மத்தியானம் முழுக்க இருந்துவிட்டது. அடுத்த வசந்தத்தில் பிறந்த குட்டிகளுக்கெல்லாம் பூசணி முகம். கண்காட்சியில் எல்லோர் முன்னாலும் அண்ணன், "வளர்த்தவன் மாதிரிதானே கிடாவும் இருக்கும்" என்றான். எலிஸ்தன், "உன் பெட்டைங்க ஒண்ணும் ஓடி ஒளியலையே" என்றான். அதோடு சரி.

ஆனால் மலையிலிருந்து ஆடு இறக்குகிற நாளில் பக்கத்துப் பண்ணைக்காரன் வந்தே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவுக்குப் பிணக்கு பார்த்தாலும் பார்ப்பார்கள், ஆடு இறக்குவதற்குப் பார்க்க மாட்டார்கள். அதனால் இருவரும் தங்கள் நாய்களோடு பேசிக்கொள்வார்கள். அண்ணன் தன் நாயிடம், "மோட், இடது பக்கம் ஒரு ஆளு மரம் மாதிரி நிக்கறான். அவன் நகர்ந்தாதான் ஆடு வரும்" என்பான். அந்தப் பக்கத்திலிருந்து, "கெல், ஆடு அங்க இருக்கறது கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும்" என்று வரும். நாய்கள் இரண்டும் ஒன்றையும் கண்டுகொள்ளாமல் ஆட்டை இறக்கிவிடும்.

மாரெட் கூட்டம் போட்டது சந்தையின் ஏல வட்டத்தில். ஆடுகளை நிறுத்தி விலை கேட்கிற இடத்தில், மழைச் சட்டையோடு அவள் நின்றாள். சுற்றிலும் படிகளில் நாங்கள். அண்ணன் எழுந்தான்.

"இந்த வரைபடத்த எந்த ஊர்லேருந்து பாத்து வரைஞ்சீங்க? வானத்துலேருந்தா?"

"பாதி வானத்துலேருந்து, மாமா. மீதி நான் சின்ன வயசுல உங்க சரிவுல காட்டுப்பழம் திருடறப்போ பாத்தது."

படிகளில் சிரிப்பு. பிரஸ்ஸெல்ஸுக்குத் தெரியாததெல்லாம் இவளுக்குத் தெரியும். எங்கள் வேலியில் எந்தக் கம்பு உளுத்தது, எந்த வாய்க்காலை எப்போது மூடினோம், எல்லாம். வீட்டுக்குப் பக்கத்தில் அரசாங்கம் வந்தால் இப்படித்தான் ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"மரம் வேணாம்! அவ்வளவுதான்!" என்று கத்தினான் அண்ணன்.

"சரி. வேணாம். வேற என்ன வேணும்?"

அண்ணன் நின்றான். நான் தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டேன்.

"சொல்லுங்க மாமா, எடுத்துட்டுப் போய்ச் சொல்றேன். நாங்கதான் முடிவு பண்ணணும். அதனாலதான் கேக்கறேன்."

வாழ்நாள் முழுக்க எந்த அதிகாரியும் கேட்காததை அந்தப் பெண் கேட்டுவிட்டாள். அவன் காது சிவந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே பெருமைக்குத் தாவினான்.

"எங்க கனெவின் எங்களுக்கு வேணும். பனி வருஷத்துல நான் இடுப்பெலும்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தேன். ஒருத்தன் மேல போகல. என் ஆடுங்க அந்தச் சரிவுல தானா பிழைச்சுதுங்க. வேலி இல்ல, தீனி இல்ல. அந்தச் சரிவ அதுங்க விட்டுப் போகவே போகாது. வேணும்னா பக்கத்து வயல் கேட்டத் தெறந்து வெச்சுப் பாரு!"

பக்கத்து வயல் என்றால் எலிஸ்தனுடையது. முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்த்து வைத்திருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் குனிந்து தன் நாயைத் தடவினான். "கெல், கேட்டத் தெறந்து வெச்சா நமக்கு என்ன நட்டம்? தெறந்துடலாம்" என்றான். ஆனால் முகத்தில் களையில்லை. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சோதனை அன்று காலை, நாலு பள்ளத்தாக்கு ஜனமும் லாரியும் வேனுமாக எங்கள் சந்துக்குள் வந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா, முற்றத்திலேயே கடையைப் போட்டு பேக்கன் ரொட்டி விற்றேன். பந்தயம்கூடக் கட்டினார்கள். அண்ணன் முகச்சவரம் செய்திருந்தான். மாரெட் சரிவுக்கும் வயலுக்கும் நடுவிலிருந்த கேட்டைத் தானே திறந்தாள். மேலே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அந்த நேரத்தில் எலிஸ்தன் தன் சிவப்பு நாலுசக்கர பைக்கில் வயலின் கீழ்ப்பக்கம் வந்தான். நேரத்துக்கு வராமல் பதுங்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறான். அவன் மனைவிதான் துரத்தி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டதும் மேலே ஒரு கிழட்டுப் பெட்டை தலையைத் தூக்கியது. கத்தியது. அவ்வளவுதான். எங்கள் மந்தை மொத்தமும் மலையை உருட்டிவிட்டது மாதிரி சரிவிலிருந்து இறங்கி, கேட்டை நெரித்துக்கொண்டு நுழைந்து, எலிஸ்தனைப் போய்ச் சூழ்ந்துகொண்டது. கிழட்டுப் பெட்டை முன்னங்கால் இரண்டையும் பைக்கின் பின்தட்டில் போட்டு மோந்து பார்த்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு நொடிதான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. சரிவு போய்விட்டது என்று அந்த முகத்தில் இருந்தது.

"மோட்!" என்று அலறினான். நாய் திடுக்கிட்டது. "பாத்தியா மோட்? தீனி காட்டிப் பழக்கி வெச்சிருக்கான்! மகளுக்கு மரம் கெடைக்கணும்னு என் ஆட்டக் கெடுத்து வெச்சிருக்கான், திருட்டுப் பய!"

எலிஸ்தன் சுற்றி நின்ற ஆடுகளுக்கு நடுவே, கையும் களவுமாகப் பிடிபட்டவன்போலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, இதுங்களுக்கு உங்க வண்டி எப்படித் தெரியும்?" என்றாள் மாரெட்.

"கெல்லக் கேளு."

"நான் உங்களத்தான் கேக்கறேன். அரசாங்கமாக் கேக்கறேன்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பனி வருஷம்" என்றான்.

மாரெட் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலைல காணாம போவீங்களே. அம்மா கேட்டா வேலி பாக்கப் போனேன்னு சொல்வீங்க. பனில எந்த வேலிப்பா தெரியும்னு நான்கூடக் கேட்டேன்."

"கழுத்தளவு பனி. ஆடு சாவும். வைக்கோல் கட்டி எடுத்துட்டுப் போனேன். அதுக்கப்புறம் பனி விழற வருஷமெல்லாம்..." என்று நிறுத்தினான். பிறகு கோபமாக, "என்ன? ஆடுங்களா எங்கூடச் சண்ட போட்டுச்சு?" என்றான்.

சிரித்தவர்கள் எல்லோரும் தங்கள் ரொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணன் எதையாவது பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான். கேட்டுக் கம்பம் அகப்பட்டது. இத்தனை வருடம் எல்லாச் சந்தையிலும் அவன் அடித்துக்கொண்டிருந்த தம்பட்டத்துக்குள் எலிஸ்தன் வைக்கோல் சுமந்திருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதை மறைப்பானேன்?

டிவியில் ரக்பி ஆட்டம் இருந்ததால் கூட்டம் மெல்லக் கலைந்தது. பந்தயப் பணத்தை யாரும் கேட்கவில்லை. மாரெட் போகவில்லை. "கேட்ட மூட வேண்டாம், நான் இன்னும் பாக்கறேன்" என்று கேட்டுக்குப் பக்கத்துக் கல்சுவர்மேல் ஏறி உட்கார்ந்தாள். எலிஸ்தன் எஞ்சினை நிறுத்தினான். ஆடுகள் பின்தட்டை நக்கிப் பார்த்தன, ஒன்றும் இல்லை. சுற்றிலும் முழங்கால் உயரப் புல். ஒன்றிரண்டு குட்டிகள் வாய் வைத்தன. கிழட்டுப் பெட்டை ஒரு வாய்கூடக் கடிக்கவில்லை. ஏமாற்றத்தோடு எலிஸ்தனை ஒரு பார்வை பார்த்தது. பிறகு திரும்பிக் கேட்டைப் பார்த்து நடந்தது. போகிறபோக்கில் குட்டிகளை ஒரு அதட்டல். எல்லாம் வரிசையாகப் பின்னால் போயின. மத்தியானம் சாய்வதற்குள் அத்தனையும் தங்கள் சரிவில், கல்லும் சோகைப் புல்லுமாகக் கிடக்கிற அந்த இடத்தில், தங்கள் தங்கள் மூலையில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. யாரும் ஓட்டவில்லை. நாய்கள் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

மாரெட் சுவரிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்தாள். அண்ணன் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். எலிஸ்தன் வாசலுக்கு வெளியே பைக்கில். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"பாத்துட்டேன், மாமா. சரிவுல வேலி போடக்கூடாதுன்னுதான் சொல்லப் போறேன்."

"யாருகிட்ட கேக்கணும் நீ?"

"மேல யாரும் இல்ல. முன்னயா இருந்தா, பிரஸ்ஸெல்ஸுக்கு எழுதிக் கேக்கறேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இப்ப எங்க ஆபீஸ்ல நாலு பேரு மேச போட்டு ஒக்காந்திருக்கோம். அவங்களோட நான் சண்ட போடணும்."

"அது தப்பாப் போச்சுன்னா?"

"என்னத் திட்டுங்க."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சளி ஒழுகிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்த நாளிலிருந்து அவனுக்குத் தெரிந்த பெண். "ஒன்ன எப்படிடி திட்டறது?" என்றான். அவன் குரலில் அப்படி ஒரு தவிப்பை நான் கேட்டதில்லை.

"ஆனா வெறுங்கையோட போக முடியாது" என்றாள் அவள். "அந்த மேசல மலை வெள்ளத்தப் பத்தி யோசிக்கறவங்க இருக்காங்க. ஆறு பெருகி டவுன்ல வீடு மூழ்குது. மேல மரம் இருந்தாத் தண்ணி நின்னு வரும். அவங்களும் நம்ம ஆளுங்கதான். சரிவு வேணாம்னா வேற எடம் காட்டுங்க. நான் வரையல. நீங்களே சொல்லுங்க."

நான் அண்ணனுக்காக ஒரு பத்து இடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மேல்வயல் என்றால் குளிர்காலத் தீனி போச்சு. ஓடைக்கரை என்றால் ரோமம் கழுவுகிற இடம் போச்சு. எதைச் சொன்னாலும் அவன் கையாலேயே அவனுடையது ஒன்றைக் கொடுக்க வேண்டும். பிடுங்கிக்கொண்டு போகிறவனைத் திட்டலாம். தானே கொடுப்பவன் யாரைத் திட்டுவது? அடுத்த சந்தைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. சொல்லியிருந்தால் என் கையாலேயே அறைந்திருப்பேன்.

அவன் எழுந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வாசல்வரை போனான். மோட் கூடவே வந்தது. நாயைக் காலால் ஒதுக்கிவிட்டு, பைக்கில் இருந்தவனை நேராகப் பார்த்தான்.

"எலிஸ்தன்."

எலிஸ்தன் நாயைப் பார்க்கத் தலையைத் திருப்பினான். பிறகு தன்னைத்தான் கூப்பிட்டது என்று புரிந்து நிமிர்ந்தான்.

"நம்ம எல்லையில அந்தச் சதுப்பு வயல்" என்றான் அண்ணன். "அதுல நான் மரம் வெச்சா, உன் புல்லு மேல நெழல் விழுமா?"

எலிஸ்தன் அந்தப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தான். சூரியன் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று கையை நீட்டி அளந்தான்.

"விழும்" என்றான். "விழட்டும்."

நான் உள்ளே போய் இன்னொரு கோப்பை எடுத்து வந்தேன்.